நாட்டிலஸ் கப்பலில் ஏறி ஆங்கிலம் கற்போம்

ஆங்கிலம் கற்கத் தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் நாம் எதைக் கொடுக்கிறோம்? பூனை, பந்து, குடை, எலி! ஐந்து வயதுக் குழந்தைக்கு இவை போதும். ஆனால் தமிழ்வழிப் பள்ளியில் ஐந்தாண்டுகள் நன்றாகப் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பதினொரு வயதுச் சிறுமிக்கு இவை போதுமா? அவள் ஞாயிறு மறையுரையைக் கேட்டு விளங்கிக் கொள்கிறவள். வீட்டில் தம்பி தங்கையரைக் கவனித்துக் கொள்கிறவள். கடைக்குச் சென்று மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிறவள். அவளிடம் போய், 'இது பூனை, அது பந்து' என்று ஆண்டு முழுவதும் சொல்லிக் கொண்டிருந்தால் அவள் என்ன எண்ணுவாள்? 'ஆங்கிலத்தில் அறிவான செய்தி எதுவும் இல்லை' என்று எண்ணலாம். அல்லது 'எனக்குத்தான் அறிவு இல்லை' என்று எண்ணலாம். பலரும் இரண்டாவதையே எண்ணி விடுகிறார்கள் என்பதுதான் வருந்தத்தக்கது.

தொடக்க நிலை மாணவியிடம் குறைவாக இருப்பவை சொற்களே, எண்ணங்கள் அல்ல. ஆகவே சொற்களைக் குறைத்துக் கொள்ளலாம். கதையின் பொருளைக் குறைக்கலாகாது. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், சனிக்கிழமைகளில் ஆறாம் வகுப்புத் தங்கையருக்கு ஆங்கில வாசிப்பில் துணை செய்து வருகிறோம். அதற்கு நாங்கள் எடுத்துக் கொண்ட நூல், கடலுக்கடியில் இருபதினாயிரம் லீக் தூரம் செல்லும் புகழ்பெற்ற பிரெஞ்சு நாவல். இவ்வளவு பெரிய நூலை, நூறு ஆங்கிலச் சொற்கள்கூடத் தெரியாதவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

நூலும் ஆசிரியரும்

இந்நாவலை எழுதியவர் ஜூல்ஸ் வெர்ன். இவர் 1828ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் நாந்த் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். 1905ஆம் ஆண்டு அமியேன் நகரில் காலமானார். நாவல், 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை இளைஞருக்கும் குடும்பங்களுக்கும் உரிய ஒரு கல்வி இதழில் தொடர்கதையாக வந்தது. 1871இல் வந்த படப் பதிப்பில் 111 சித்திரங்கள் இருந்தன.

கதை இதுதான். 1866ஆம் ஆண்டில் கடலில் ஏதோ ஒரு பெரும் விலங்கு கப்பல்களை மோதுவதாகச் செய்தி பரவுகிறது. அதைத் தேடி அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று புறப்படுகிறது. அதில் அரோனாக்ஸ் என்னும் பேராசிரியர், அவருடைய பணியாளன் கொன்செய், ஈட்டி எறிந்து திமிங்கிலம் பிடிப்பதில் வல்லவனான கனடா நாட்டு நெட் லாண்ட் ஆகிய மூவரும் செல்கிறார்கள். தேடிப் போனது விலங்கே அல்ல. நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல்! அதன் தலைவர் நீமோ. இலத்தீன் மொழியில் 'நீமோ' என்றால் 'ஒருவரும் இல்லை' என்று பொருள். மூவரும் அக்கப்பலில் சிறைப்பட்டு, உலகின் கடல்களையெல்லாம் சுற்றி வருகிறார்கள்.

இந்நூலை ஏன் தேர்ந்தெடுத்தோம்?

எங்கள் தங்கையரில் பலர் கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள். சுறா, திருக்கை, கணவாய், சங்கு, சிப்பி, பவளப்பாறை ஆகியவற்றை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. எந்தக் காற்று அடித்தால் வலை நிறையும், எந்தக் காற்று அடித்தால் கடலுக்குப் போகக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். புதியது ஆங்கிலம் ஒன்றே. பொருள் தெரிந்தவருக்குப் பெயரை மட்டும் சொன்னால் போதுமல்லவா?

நூலிலேயே இதற்கு அழகான சான்று உண்டு. கொன்செய், மீன்களின் வகுப்பு, வரிசை, குடும்பம் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லுவான். ஆனால் உயிரோடு ஒரு மீனைக் காட்டினால் அது இன்னதென்று அவனுக்குத் தெரியாது. நெட் லாண்டுக்கோ வகைப்பாடு எதுவும் தெரியாது. மீன்களை, உண்ணத் தகுந்தவை, உண்ணத் தகாதவை என்று இரண்டாகப் பிரித்து விடுவான்! ஆனால் கண்ணால் கண்டவுடன் பெயரைச் சொல்லி விடுவான். இருவரையும் சேர்த்தால் ஒரு சிறந்த விஞ்ஞானி கிடைப்பார் என்று பேராசிரியர் எண்ணுகிறார்.

நாங்கள் வகுப்பில் சிறுமியரை இருவர் இருவராக உட்கார வைப்பது இந்த முறைப்படிதான். ஆங்கில எழுத்துக்களை விரைவாக வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்தி. கடலைத் தெரிந்தவள் ஒருத்தி. முதலாமவள் வாசிக்கிறாள், இரண்டாமவள் அது எது என்று விளக்குகிறாள். இதில் யாரும் கெட்டிக்காரி இல்லை. யாரும் மக்கு இல்லை. இருவருக்கும் இருவரும் தேவை.

தலைப்பே முதற்பாடம்

தலைப்பைப் படித்தவுடன் எல்லாரும் ஒரே மாதிரி எண்ணுகிறார்கள்: 'கப்பல் இருபதினாயிரம் லீக் ஆழம் போயிற்று!' இதை நாங்கள் உடனே மறுப்பதில்லை. கணக்குப் போடச் சொல்கிறோம். இங்கே ஒரு லீக் என்பது 4 கிலோமீட்டர். அப்படியானால் 20,000 லீக் என்பது 80,000 கிலோமீட்டர். உலகக் கடல்களில் மிக ஆழமான இடமே ஏறத்தாழ 11 கிலோமீட்டர்தான். பூமியைச் சுற்றி வந்தால் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். எனவே இந்த எண் ஆழத்தைக் குறிப்பதில்லை. நீருக்கடியில் இருந்துகொண்டே பூமியை இருமுறை சுற்றும் அளவுக்குப் பயணம் செய்தார்கள் என்பதே பொருள்.

இன்னுமொரு செய்தி. பிரெஞ்சுத் தலைப்பில் 'கடல்கள்' என்று பன்மை இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பில் அது 'ஸீ' என்று ஒருமையாகி விட்டது. 'ஸீஸ்' என்று இருந்திருந்தால், பல கடல்களைக் கடந்த பயணம் என்பது உடனே தோன்றியிருக்கும். சொல்லின் இறுதியில் வரும் ஒரே ஓர் எழுத்து எத்தனை பெரிய வேலை செய்கிறது பாருங்கள்! ஒருமை, பன்மை என்னும் இலக்கணத்தை எத்தனையோ முறை பலகையில் எழுதிப் போடுவதைவிட, இந்தத் தலைப்பு ஒன்றே நன்றாக மனத்தில் பதிய வைக்கிறது.

எவ்வளவு கற்பிப்பது?

நாவலில் இரண்டு பாகங்களாக 47 அதிகாரங்கள் உள்ளன. எல்லாவற்றையும் கற்பிக்க முடியாது, கற்பிக்கவும் வேண்டாம். நாங்கள் ஆறு நிகழ்ச்சிகளை எடுத்துக் கொள்கிறோம்: கடலில் விழுதல், இருட்டறைச் சிறை, நீமோவின் நூலகம், மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகள், பனிக்கட்டிக்குள் அகப்படுதல், பெருங்கணவாய்களோடு போர். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு புதிய சொற்கள். அந்தச் சொற்கள், கையால் தொட்டுக் காட்டக் கூடியவையாகவோ, உடலால் செய்து காட்டக் கூடியவையாகவோ இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி.

ஜூல்ஸ் வெர்ன் காலமாகி நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால், அவருடைய கதையை எவரும் தம் சொந்தச் சொற்களில் எழுதிக் கொள்ளத் தடையில்லை. எனவே விலை கொடுத்து ஆளுக்கொரு புத்தகம் வாங்க வேண்டிய தேவை இல்லை. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம் என்று நாங்களே எழுதி, பெரிய தாளில் ஒட்டித் தொங்க விடுகிறோம். 'தி ஸீ இஸ் டார்க். த்ரீ மென் ஆர் இன் தி வாட்டர். வேர் இஸ் தி ஷிப்?' இவ்வளவுதான் முதற்பக்கத்தின் தொடக்கம். எல்லாம் சின்னஞ்சிறு சொற்கள். ஆனால் இதை வாசித்து முடித்த சிறுமி, அடுத்த வரியைக் கேட்காமல் இருக்க மாட்டாள்.

கற்பிக்கும் முறை

முதலில் நிகழ்ச்சியைத் தமிழில் சொல்லி விடுகிறோம். கதை முன்பே தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று சிலர் கூறலாம். அப்படி இல்லை. தெரிந்த கதையைத்தானே பாட்டியிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்! கதை தெரிந்திருந்தால், தெரியாத சொல்லின் பொருளை அவர்களே ஊகித்துக் கொள்கிறார்கள்.

இரண்டாவது, உடலால் செய்தல். பேராசிரியர் கடலில் விழுந்தார். கொன்செய் தன் எசமானுக்காகத் தானே குதித்தான். விழுவது வேறு, குதிப்பது வேறு அல்லவா? இரண்டு சிறுமியர் வந்து இரண்டையும் செய்து காட்டினால், அந்த இரு வினைச்சொற்களும் மறக்கவே மாட்டா. 'ஓபன்' என்றால் கப்பலின் மூடியைத் திறக்க வேண்டும். 'க்ளோஸ்' என்றால் மூட வேண்டும். 'டவுன்' என்றால் எல்லாரும் உட்கார வேண்டும். 'அப்' என்றால் எழ வேண்டும். கட்டளையைத் தவறாகச் செய்தவளே அடுத்த கப்பல் தலைவி. ஆகவே தவறு செய்ய யாரும் அஞ்சுவதில்லை!

மூன்றாவது, அளந்து பார்த்தல். நாட்டிலஸின் நீளம் 70 மீட்டர்; அகன்ற இடத்தில் அகலம் 8 மீட்டர். விளையாட்டுத் திடலில் கயிறு பிடித்து, ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டே அளந்தால், எண்களும் வந்துவிடுகின்றன; கப்பலின் பெருமையும் விளங்கி விடுகிறது.

நான்காவது, நாட்குறிப்பு எழுதுதல். இக்கதை முழுவதும் பேராசிரியர் எழுதி வைத்த குறிப்பாகவே அமைந்திருக்கிறது. தங்கையரும் ஒவ்வொரு வாரமும் மூன்றே வரி எழுதுகிறார்கள்: இன்று என்ன நாள், எந்தக் கடல், என்ன கண்டோம். இம்மூன்று வரிகளை எழுதுகிறவள், தேதி, இடம், இறந்தகாலம் ஆகிய மூன்றையும் பழகி விடுகிறாள்.

ஐந்தாவது, கதையையும் உண்மையையும் பிரித்தறிதல். நாவலில் நீமோ, 1868 மார்ச் 21ஆம் நாள் தென் துருவத்தை அடைகிறார். கப்பல் கடல் வழியாகவே அவ்விடத்தை நெருங்குகிறது. உண்மையில் தென் துருவம் பெரும் நிலப்பரப்பின் நடுவே, பனிக்கட்டியின் மேல் உள்ளது. அதை முதன்முதலில் அடைந்தவர் நார்வே நாட்டு அமுண்ட்சன். 1911 டிசம்பர் 14இல். மாறாக, பெருங்கணவாய் உண்மையான உயிர். ஆழ்கடலில் உயிரோடு அதனை ஜப்பானிய அறிஞர்கள் 2004ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகப் படமெடுத்தார்கள். 'ட்ரூ', 'நாட் ட்ரூ' என்று இரண்டே விடைகள் சொல்லி விளையாட இவை மிகவும் ஏற்றவை. அமெரிக்காவின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கும் நாட்டிலஸ் என்றே பெயர். அது 1958இல் வட துருவத்தின் பனிக்கட்டிக்கு அடியில் கடந்து சென்றது என்று சொன்னால், கதையின் மேல் மதிப்பு இன்னும் கூடுகிறது.

மௌனமாக இருப்பவர்கள்

இந்நூலில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இருட்டறைச் சிறைதான். மூவரையும் பிடித்து அறையில் அடைத்த பின், கப்பல் தலைவர் வந்து நிற்கிறார். பேராசிரியர் தம் கதையைப் பிரெஞ்சு மொழியில் சொல்லுகிறார். மறுமொழி இல்லை. நெட் லாண்ட் ஆங்கிலத்தில் சொல்லுகிறான். மறுமொழி இல்லை. கொன்செய் ஜெர்மன் மொழியில் சொல்லுகிறான். அப்போதும் இல்லை. கடைசியாகப் பேராசிரியர் தமக்குத் தெரிந்த இலத்தீனிலும் முயலுகிறார். ஒரு சொல்கூடப் பேசாமல் தலைவர் வெளியேறி விடுகிறார். 'இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை' என்றே மூவரும் எண்ணுகிறார்கள். பின்னர்தான் தெரிய வருகிறது, அவருக்கு நான்கு மொழிகளும் நன்றாகத் தெரியும் என்பது! முதலில் இவர்கள் யார் என்று அறிந்து கொள்ளவே அவர் மௌனமாக இருந்தார்.

வகுப்பில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் சிறுமியைப் பற்றி நாம் என்ன முடிவு செய்கிறோம்? 'அவளுக்கு ஒன்றும் தெரியாது' என்று எளிதாகச் சொல்லி விடுகிறோம். ஒரு மொழியைக் கற்கும் குழந்தை, பேசுவதற்கு முன்பே பலவற்றைக் கேட்டுப் புரிந்து கொள்கிறது என்பது தொட்டிற் குழந்தையைப் பார்த்தாலே விளங்கும். ஆகவே முதல் நான்கு வாரங்கள் எங்கள் வகுப்பில் யாரையும் ஆங்கிலத்தில் பேசச் சொல்லி வற்புறுத்துவதில்லை. செய்து காட்டலாம், படத்தைத் தொடலாம், தலையசைக்கலாம், தமிழில் மறுமொழி சொல்லலாம். பேச வேண்டும் என்று தோன்றும்போது பேசட்டும். 'கேப்டன் நீமோவைப் போல் இருக்கிறேன் அக்கா' என்று ஒரு தங்கை சொன்னபோது, நாங்கள் அவளை மேலும் கேட்கவில்லை. அவள் பேசத் தொடங்கியது ஏழாவது வாரத்தில். அதுவும் முழு வாக்கியமாக!

தாய்மொழிக்கு இடம்

கப்பலில் உள்ளவர்கள் தங்களுக்குள் வேறு எவருக்கும் புரியாத ஒரு மொழியைப் பேசுகிறார்கள். ஆனால் பெருங்கணவாய்களோடு நடக்கும் போரில், ஒரு மாலுமியை அக்கொடிய பிராணி தன் கரத்தால் சுற்றித் தூக்குகிறது. அப்போது அவன் அந்தக் கப்பல் மொழியை மறந்து, தன் தாய்மொழியாகிய பிரெஞ்சில் அலறுகிறான். தன் நாட்டவன் ஒருவன் இத்தனை நாளும் இங்கே இருந்தானா என்று பேராசிரியர் திடுக்கிடுகிறார். அந்த மாலுமி மீட்கப்படவில்லை. நீமோ கடலைப் பார்த்தபடி கண்ணீர் வடிக்கிறார்.

உயிர் துடிக்கும் வேளையில் வாயில் வருவது தாய்மொழியே. ஆகவே ஆங்கிலம் கற்பிக்கிறோம் என்பதற்காகத் தமிழை வகுப்பறைக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை. தமிழில் கதையைப் புரிந்து கொள்ளட்டும். அந்தப் புரிதலின் மேல் ஆங்கிலத்தை அடுக்கட்டும். நீமோவின் நூலகத்தில் 12,000 நூல்கள் இருந்தன. அவை மொழிவாரியாகப் பிரித்து வைக்கப்படாமல் கலந்தே இருந்தன என்று கதை கூறுகிறது. படிக்கத் தெரிந்தவருக்கு எல்லா மொழியும் ஒரே அலமாரிதான்.

இவ்விடத்தில் நம் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து, மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். அவர் தொடங்கியது பூனையிலும் பந்திலும் அல்ல. தம் உள்ளத்தில் மிக முக்கியமானது எதுவோ அதில் தொடங்கினார். மொழி தெரியாத ஒருவர் அதைக் கற்க இதைவிடச் சிறந்த வழி உண்டோ?

எதைச் சுருக்கக் கூடாது?

எளிமையாக்கும்போது பிழை நேராமல் காப்பது பெரிய கடமை. இந்நாவலை 1872ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் முதன்முதலாகப் பெயர்த்தவர் மெர்சியர் என்பவர். அவர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வெட்டி விட்டார். பல பிழைகளும் நேர்ந்தன. எஃகின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 7.8 மடங்கு. அவருடைய பெயர்ப்பிலோ அது ஒன்றுக்கும் குறைவாகி விட்டது. தசமப்புள்ளி நகர்ந்ததால் எஃகு நீரில் மிதக்கும் பொருளாயிற்று! நெப்ராஸ்கா பகுதியில் 'பேட்லாண்ட்ஸ்' என்று பெயர் பெற்ற கரடுமுரடான நிலப்பகுதி உண்டு. அது இடப்பெயர் என்று அறியாமல், நெப்ராஸ்காவே விரும்பத்தகாத பிரதேசம் என்று பொருள்படும்படி எழுதி விட்டார். இப்பெயர்ப்பையே பல தலைமுறைகள் படித்து, ஜூல்ஸ் வெர்னுக்கு அறிவியல் தெரியாது என்று எண்ணியவர்களும் உண்டு. 1965ஆம் ஆண்டு முதல் திருத்தமான புதிய பெயர்ப்புகள் வந்த பின்னரே ஆங்கில வாசகர்களுக்கு உண்மை தெளிவாயிற்று. சிறுவர்களுக்காகச் சுருக்குகிறவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

கதையின் உயிர்நிலையையும் வெட்டக் கூடாது. நீமோ தம் விருந்தினரை இலங்கைக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கடலடிக்கு அழைத்துச் செல்லுகிறார். அங்கே ஓர் ஏழை இந்தியன், கல்லின் துணையால் மூழ்கி, மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்குகிறான். சுறா அவன்மேல் பாய்கிறது. நீமோ குத்துவாளோடு குறுக்கே பாய்கிறார். நெட் லாண்ட் ஈட்டியால் சுறாவைக் கொல்லுகிறான். பிழைத்தெழுந்த அந்த ஏழையின் கையில் நீமோ ஒரு பை நிறைய முத்துக்களை வைக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர் என்ற கேள்விக்கு, அவன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன், தாமும் இறுதி மூச்சு வரை அத்தகையோரைச் சேர்ந்தவரே என்ற கருத்தில் விடை கூறுகிறார். பின்னர் வந்த 'மர்மத் தீவு' என்னும் நாவலில், நீமோ உண்மையில் பண்டல்கண்டைச் சேர்ந்த இந்திய இளவரசர் டக்கார் என்றும், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்கு கொண்டவர் என்றும் ஜூல்ஸ் வெர்ன் வெளிப்படுத்தினார்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. ஆனால் பாட்டனார் காலத்து நினைவாக அது இன்னும் பல வீடுகளில் பேசப்படுகிறது. உலகப் புகழ்பெற்ற ஒரு நூலில் தங்கள் முன்னோரின் தொழிலும், அவர்களது வறுமையும், அவர்களுக்காகப் பாய்ந்த ஒருவரும் இருப்பதை அறியும்போது, அச்சிறுமியர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நெருக்கடியான நேரமின்மையைக் காரணம் காட்டி இப்பகுதியை விட்டுவிட்டு, பெருங்கணவாயை மட்டும் கற்பித்தால், மிச்சமிருப்பது வெறும் வேடிக்கையே.

'ஆனால்' என்னும் சொல்

நீமோ நல்லவரா, கெட்டவரா? தங்கையர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. அவர் ஏழைக்கு முத்துக் கொடுத்தவர். துன்புற்ற மக்களுக்குப் பொன் அனுப்பியவர். அவரே, பகை தீர்க்க ஒரு போர்க்கப்பலை அதிலுள்ள மனிதரோடு மூழ்கடித்தவர். பின்பு அவரே, போதும் என்று இறைவனை நோக்கி அழுதவர். இதைச் சிறுவர்களுக்கு மறைக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. அநியாயத்தைக் கண்டு சினப்பது வேறு, பழிக்குப் பழி வாங்குவது வேறு என்று மறைக்கல்வி வகுப்பில் கற்பதும் இதுதானே?

இதை ஆங்கிலத்தில் பேச எத்தனை சொற்கள் தேவை? 'அண்ட்', 'பட்', 'பிகாஸ்' என்னும் மூன்று இணைப்புச் சொற்கள் இருந்தால் போதும். 'நீமோ இஸ் கைண்ட், பட் ஹீ இஸ் ஆங்க்ரி. ஹீ இஸ் ஆங்க்ரி பிகாஸ் ஹீ இஸ் ஸாட்.' பதினொரு வயதுச் சிறுமி தானே யோசித்துச் சொன்ன வாக்கியங்கள் இவை! 'நல்லவர்' என்ற ஒரு சொல்லையும் 'கெட்டவர்' என்ற ஒரு சொல்லையும் மட்டும் அறிந்தவர், மனிதர்களைப் பற்றி மிகவும் கொஞ்சமே பேச முடியும். 'ஆனால்' என்னும் சொல்லைக் கற்றவரோ, எவரையும் முழுவதும் தள்ளிவிட மாட்டார்.

பனிக்கட்டிக்குள் அகப்பட்டு, கப்பலில் காற்று தீர்ந்து போகும் கட்டம் ஒன்று உண்டு. அப்போது கருவியில் மிஞ்சியிருந்த கடைசிக் காற்றைத் தாங்கள் சுவாசிக்காமல், மயங்கிக் கிடந்த பேராசிரியருக்குக் கொன்செய்யும் நெட் லாண்டும் கொடுக்கிறார்கள். 'கிவ்' என்னும் வினைச்சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அகராதியில் கிடையாது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

உங்கள் மகள் ஆங்கிலத்தில் எத்தனை மதிப்பெண் பெற்றாள் என்று கேட்பது போலவே, 'இந்த வாரம் கப்பல் எங்கே போயிற்று?' என்றும் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆறு வாக்கியங்களில் அவள் ஆங்கிலத்தில் கதை சொல்லட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. கேட்கிறவர் முகத்தில் ஆவல் இருந்தால், சொல்லுகிறவர் வாயில் சொல் வரும். நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். அவள் சொல்லி முடித்த பின், கடலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைத் தமிழில் அவளுக்குச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அதை அவள் ஆங்கிலமாக்கி எங்களுக்குச் சொல்லுவாள்.

அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் இதனைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்று அன்போடு கேட்டுக் கொள்கிறோம். எங்கள் கையால் எழுதிய ஆறு பக்கங்களும், 70 மீட்டர்க் கயிறும் நூலக அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளன.